அரைக்கண்ணனின் வாடகைக் கார்

“ஓட்டுநரே, நீங்கள் தூங்குகிறீர்கள். தயவுசெய்து வண்டியை நிறுத்தி ஓய்வெடுங்கள்.”

தேன் தடவிய பெண்குரல். காலை எட்டே முக்கால் மணி, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. முன்னால் பால் வண்டி, பின்னால் பள்ளிக்கூடப் பேருந்து, பக்கத்தில் வழிவிடாத மோட்டார் சைக்கிள். பாலத்தின் ஏற்றத்தில் இத்தனைக்கும் நடுவே வண்டியை உருட்டிக்கொண்டிருந்த அரைக்கண்ணனுக்கு, குரல் யாரைச் சொல்கிறது என்றே முதலில் புரியவில்லை. பின்னால் இருந்த பயணியைச் சொல்கிறதோ என்று கண்ணாடியில் பார்த்தார். அந்த ஆள் கைப்பேசியில் யாரிடமோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

“தூங்கறது யாரு? உங்கப்பனா?” என்றார் அரைக்கண்ணன், குரல் வந்த திசையைப் பார்த்து.

குரலுக்கு அப்பன் இல்லாததால் ரோஷமும் இல்லை. இரண்டு நிமிடம் கழித்து, அதே இனிமையோடு அதே வாசகத்தைச் சொன்னது. இந்த முறை இருக்கையும் அடியிலிருந்து அதிர்ந்தது. மூன்றாம் முறை, பாலம் இறங்கியதும் வண்டி தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஓரம் கட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. இருபது நிமிடம் நகர முடியாது என்று திரையில் எழுத்து வந்தது. பயணி இறங்கிக் கதவை அறைந்தார். “வீட்டுல ஒழுங்காத் தூங்கிட்டு வரணும்யா” என்று அறிவுரை வேறு.

ஐம்பத்தாறு வயதில், முப்பத்தோரு வருடம் வண்டி ஓட்டிய பிறகு, அவர் மேல் எழுதப்பட்ட முதல் புகார் அது. எழுதியது ஒரு சட்டைப் பொத்தான் அளவுக் கேமரா.

அவருடைய வலது கண்ணிமை பிறந்ததிலிருந்தே பாதி இறங்கியே இருந்தது. கடையை அடைக்கப் போனவன் பாதியில் யாரோ கூப்பிட்டதும் ஷட்டரை அப்படியே விட்டுவிட்டுப் போனதுபோல இருக்கும். பார்வைக்குக் குறை கிடையாது. புருவத்தைச் சற்று உயர்த்தி, தாடையை ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டால், தூரத்தில் வருகிற பேருந்தின் எண்ணை மற்றவர்களுக்கு முன்னால் படித்துவிடுவார். உரிமம் புதுப்பிக்கிற ஒவ்வொரு முறையும் கண் மருத்துவர் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படிக்கச் சொல்லி, ‘இரு கண்ணும் நன்று’ என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தாடையைத் தூக்கியே இருப்பதால், புதிதாகப் பார்க்கிறவர்கள் திமிர் பிடித்தவர் என்று நினைப்பார்கள். பழகியவர்கள் அரைக்கண்ணன் என்றார்கள். “அரைக் கண்ணாலயே இந்தப் பாடு படுத்துறீங்க, முழுக் கண்ணும் தொறந்திருந்தா நான் எங்க போறது?” என்று கல்யாணமான புதிதில் மனைவி கேட்டாள்.

அவளுக்கு முன்பே அவர் வாழ்க்கையில் ஒருத்தி வந்திருந்தாள். வெளிர்நீல நிறம், நான்கு கதவு, ஒரு பல் மருத்துவரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கிய கார். அதை மனைவி ‘மூத்தவ’ என்றுதான் சொல்வாள். “உங்க மூத்தவ வாசல்ல வெயில்ல நிக்கறா, போய் நிழல்ல விடுங்க.” “மூத்தவளுக்குப் புதுச் சீட்டு உறை, எனக்கு இன்னும் போன வருஷச் சேலையா?” பொறாமை மாதிரித்தான் பேசுவாள். ஆனால் அந்த உறையைத் தைத்ததே அவள்தான். சீருடை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தவள், மிச்சத் துணியைக் கேட்டு வாங்கிவந்து, நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைத்தாள்.

மூத்தவளிடம் குணம் இருந்தது. மூன்றாவது கியருக்குப் போகும்போது ஒரு மூச்சு நேரம் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் கரகரவென்று திட்டுவாள். பின் கதவை லேசாகத் தூக்கிச் சாத்த வேண்டும். மழை நாளில் கிளப்பினால் இரண்டு முறை இருமுவாள், மூன்றாவதில் எழுந்துவிடுவாள். எங்கே வலிக்கிறது என்பதைச் சத்தத்திலேயே சொல்வாள். அரைக்கண்ணன் என்ஜின் மூடியைத் திறந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, அங்கே கை வைப்பார். ஒருநாளும் அவள் அவரைப் பார்த்து, ‘நீ யார், உன்னை எதற்கு நம்ப வேண்டும்’ என்று கேட்டதில்லை. இருபத்து நான்கு வருடத்தில் அந்தக் கார் ஒரு பூனையைக்கூட இடித்ததில்லை.

பிறகு ஆணை வந்தது. இருபது வயதுக்கு மேற்பட்ட வண்டியில் பயணி ஏற்றக் கூடாது. அரைக்கண்ணன் புகைச் சோதனைக்குக் கொண்டுபோனார், தேறிவிட்டது. பிரேக் சோதனை, அதிலும் தேறிவிட்டது. வயதில் மட்டும் தோற்றது. அதே ஆணையின் கடைசிப் பக்கத்தில் ஒரு விலக்கு இருந்தது. சேகரிப்பாளர்கள் வைத்திருக்கிற பழைய கார்களுக்கு ‘மரபுச் சின்னம்’ என்று தனித் தகடு கொடுப்பார்கள், அவை ஓடலாம். அதாவது பெரிய வீட்டுக் கொட்டகையில் நின்று வருடத்துக்கு ஒருமுறை ஊர்வலம் போகிற கார் மரபு. அதே வருடத்துக் கார், அதே கம்பெனி, ஒரு ஓட்டுநரின் குடும்பத்துக்குச் சோறு போட்டால் குப்பை. புகைக்கு வர்க்கம் தெரியாது. ஆணை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூத்தவளை நசுக்குகிற இடத்துக்கு அவரே ஓட்டிக்கொண்டு போனார். வேறு யாரும் ஓட்டினால் மூன்றாவது கியரில் திட்டு வாங்குவார்கள் என்றார். திரும்பிப் பேருந்தில் வந்தார். அன்றைக்கு மனைவி தட்டை வைத்தாள், எடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் வாடகைக் கார். ஒரு கடைத்தொகுதியில் தரைக்குக் கீழே இருந்த அடித்தளத்தில் நானூறு வெள்ளைக் கார்கள் வரிசையாக நிற்கும். ஓட்டுநர்கள் காலையில் போய், திரை காட்டுகிற எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு மணி நேரத்தில் கொண்டுவந்து விட வேண்டும். நேற்று ஓட்டிய கார் இன்று கிடைக்காது. ஏறி உட்கார்ந்தால் யாரோ ஒருவருடைய முழங்கால் அளவுக்கு இருக்கை நகர்ந்திருக்கும், யாரோ ஒருவருடைய வியர்வை வாடை இருக்கும். அரைக்கண்ணனுக்கு அது சத்திரத்துப் பாய்போலக் கூசியது. சாவி கிடையாது. மூடியைத் திறந்தால் விதிமீறல். ஒருநாள் காற்றில் ஒரு காகிதப் பை பறந்து முன்னால் விழுந்ததும் வண்டி தானே பிரேக் போட்டது. பின்னால் இருந்த கிழவரின் மூக்கு இருக்கையில் இடித்து ரத்தம் வந்தது. அதற்கு வண்டியின் மேல் புகார் எழுத வழியில்லை. கோடு தாண்டித் திரும்பினால் ஸ்டீயரிங் கையை இழுத்தது. ஜன்னலைத் திறந்து ஓட்டினால் எரிபொருள் வீணாகிறது என்று மதிப்பெண் குறைந்தது.

“முப்பது வருஷம் ஓட்டினவன் கையைப் புடிச்சு இழுக்குது. நான் என்ன நடை பழகற குழந்தையா?” என்று சக ஓட்டுநர்களிடம் பொருமினார்.

“அது பரவாயில்லண்ணே. மேல பாருங்க, மாமியார்” என்று கண்ணாடிக்கு மேலே இருந்த கேமராவைக் காட்டினார்கள். கேமராவுக்கு அடித்தளத்தில் எல்லோரும் வைத்திருந்த பெயர் அது. கொட்டாவி விட்டால் கண்டுபிடிப்பாள், தலையைத் திருப்பினால் கண்டுபிடிப்பாள். தினமும் நூறு மதிப்பெண்ணில் தொடங்கும். வாரச் சராசரி அறுபதுக்குக் கீழே போனால் எச்சரிக்கை. மாதச் சராசரி அறுபதைத் தாண்டாவிட்டால் நிரந்தரமாக வெளியே.

அரைக்கண்ணனுக்கு முதல் வாரம் நாற்பத்தொன்று வந்தது.

மேற்பார்வையாளர் கெட்டவர் அல்ல. முப்பத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் எப்போதும் வேர்வை. கண்ணாடிக் கூண்டுக்குள் மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அரைக்கண்ணன் தன் பையிலிருந்து ஆறு கண் சான்றிதழ்களை எடுத்து மேசையில் பரப்பினார்.

“படிச்சுப் பாருங்க சார். இமைதான் எறங்கியிருக்கு. கண்ணு இல்ல.”

“எனக்குத் தெரியுதுண்ணே. ஆனா சிஸ்டம் தூங்கறீங்கன்னு சொல்லுது.”

“இப்ப உங்ககிட்ட பேசிட்டிருக்கேனே, தூக்கத்துலயா பேசறேன்?”

“இல்லண்ணே...”

“அப்ப ஒண்ணு பண்ணுங்க. என் பக்கத்துல வந்து ஒக்காருங்க. நான் ஓட்டறேன். உங்க கண்ணால பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.”

மேற்பார்வையாளர் வந்தார். அதைப் பாராட்டத்தான் வேண்டும். வண்டி தானாக நிற்பதை மட்டும் தன் கடவு எண்ணால் அணைத்து வைத்தார், ஒன்றரை மணி நேரம் ஊரைச் சுற்றினார்கள். சந்தைத் தெரு, ரயில்வே கேட், குறுகலான சந்துகள். அரைக்கண்ணன் வண்டியை எண்ணெயில் வழுக்குவதுபோல ஓட்டிக்கொண்டு போனார். மாமியார் பதினோரு முறை தூங்குகிறார் என்றாள். பதினோராவது முறை சொன்னபோது அவர் ஒரு தெருநாய்க்கு வழிவிட்டுக்கொண்டே, தன் மனைவி எதற்காக இந்தக் குரலைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் சிரித்து இருமினார்.

திரும்பி வந்ததும், “நீங்க ஒரு நொடிகூடத் தூங்கலண்ணே. நான் சாட்சி” என்றார்.

“அதை எழுதுங்க.”

மேற்பார்வையாளர் திரையில் தேடினார். ஓட்டுநர் தூங்கினார் என்று கருவி சொன்னால், அதற்குக் கீழே மூன்று கட்டங்கள் இருந்தன: எச்சரிக்கப்பட்டார், இடைநிறுத்தப்பட்டார், நீக்கப்பட்டார். கருவி சொன்னது தவறு என்பதற்குக் கட்டம் இல்லை. சான்றிதழை இணைக்க இடம் இல்லை.

பூனை குறுக்கே போனதென்று பயணத்தை நிறுத்துகிறவனைப் பார்த்துச் சிரிக்க இன்று நிறையப் பேர் உண்டு. எதிரே நின்று வாதாடுகிறவனைப் பார்த்து, இவன் தூங்குகிறான் என்று ஒரு கண்ணாடித் துண்டு சொன்னால் தலையாட்டுவதும் அவர்கள்தான். கருவிக்கு மூடநம்பிக்கை கிடையாது. இமை இறங்கியிருக்கிறது என்று பார்த்ததைச் சொல்கிறது. இறங்கிய இமையெல்லாம் தூக்கம் என்று முடிவு கட்டியவன் எங்கோ ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கிற மனிதன். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து, மனித முகம் என்றால் இதுதான் என்று எழுதி வைத்துவிட்டான். கேள்வி கேட்க வழி இல்லாத எந்த வாக்கும் குறி சொல்வதுதான். அது உடுக்கை அடித்துச் சொன்னால் என்ன, மின்சாரத்தில் சொன்னால் என்ன?

மேற்பார்வையாளர் கூண்டுக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணே, இதை நான் சொன்னதா இருக்கக் கூடாது. அந்த இமையை எப்படியாவது தூக்கி நிறுத்துங்க. மாமியாருக்கு ரெண்டு கருவிழியும் தெரியணும். அவ்வளவுதான் அவளுக்கு வேணும்.”

மறுநாள் காலையில் மனைவி மருந்துக் கடையிலிருந்து காகிதப் பிளாஸ்திரி வாங்கிவந்தாள். துணி வெட்டிய கை. சிறு விரல் அகலத்தில், ஓரம் பிசிறாமல் இரண்டு துண்டு வெட்டினாள். அவரை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்து, இமையை மேலே நகர்த்தி, புருவத்தோடு சேர்த்து ஒட்டினாள். இரண்டு அடி பின்னால் போய், தைத்த சட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“அட, யாருங்க இது? எனக்கு இந்த ஆளைத் தெரியாதே.”

“அழகா இருக்கேனா?”

“பேயைப் பாத்தவர் மாதிரி இருக்கீங்க. சிமிட்ட முடியுதா?”

“சிமிட்டினா மாமியாருக்குக் கோவம் வரும். விடு.”

அன்று மாலை தொண்ணூற்றாறு வந்தது. அரைக்கண்ணன் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அடித்தளத்தில் எல்லோரும் முதுகில் தட்டினார்கள். “எப்பிடிண்ணே?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் பிளாஸ்திரியைக் காட்டினார். மறைக்க என்ன இருக்கிறது? மாமியாரை ஏமாற்றியதில் அவருக்குப் பெருமைதான். பழைய காரில் உடைந்த பாகத்துக்குப் பதில் கம்பியை வளைத்துக் கட்டி ஓட்டிய அதே சாமர்த்தியம் இது என்று நினைத்தார். எந்திரத்தைச் சரிசெய்யவே பழகிய மனிதர். இந்த முறை எந்திரத்தைத் தொட விடவில்லை, அதனால் தன்னைச் சரிசெய்துகொண்டார்.

பன்னிரண்டு மணி நேரம் அந்தக் கண் மூடவில்லை. ஜன்னலைத் திறக்க முடியாத காரில் குளிர்காற்று நேராக முகத்தில் அடித்தது. இடையில் பிளாஸ்திரியைப் பிய்த்தால் தோல் உரிந்தது, மறுபடி ஒட்டினால் நிற்கவில்லை. அதனால் காலையில் ஒட்டியதை வண்டி விட்ட பிறகே எடுத்தார். சிக்னலில் நிற்கும்போது பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீரை விரலால் தொட்டு விட்டுக்கொள்வார். நான்காம் நாள் கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தியது. எட்டாம் நாள் சிவந்தது. சந்தைக்குப் போகிற ஓர் அம்மாள், “கண்ணு ரத்தமா இருக்கேப்பா, டாக்டரைப் பாரு” என்றாள்.

“மாசம் முடியட்டும்மா. இன்னும் ரெண்டு வாரந்தான்” என்றார்.

முதல் வாரத்து நாற்பத்தொன்றை ஈடுகட்டினால்தான் அந்த மாதம் அறுபதைத் தாண்டும். லீவு போட்டால் சுழியம். அவர் கணக்கு சரியான கணக்குதான். அதைப் போட வைத்தவர்கள்தான் சரியில்லை.

மனைவி பதினோராம் நாள் ஒட்ட மாட்டேன் என்றாள். “குங்குமம் மாதிரி செவந்து கெடக்கு. நான் தொட மாட்டேன்.”

“நீ ஒட்டலன்னா நானே ஒட்டிப்பேன், கோணலாப் போகும். கோணலாப் போனா மாமியார் தூங்கறேன்னு சொல்லுவா. உனக்கு அது பரவாயில்லையா?”

அழுதுகொண்டே ஒட்டினாள். அன்றும் பிசிறில்லாமல்தான் ஒட்டினாள்.

பதினாறாம் நாள் காலை, பிளாஸ்திரியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கருவிழியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, அரிசி நொய் அளவு. “விளக்கைப் போடு, இருட்டா இருக்கு” என்றார் அவர். ஜன்னல் வழியே வெயில் அவர் முகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது.

கண் மருத்துவமனையில் மருத்துவர், வெள்ளை முடிக்கார அம்மாள், விளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு கோபமாகத்தான் பேசினார். “அந்த இமை உங்க கண்ணுக்குக் குடை மாதிரிங்க. அதைப் புடிச்சு மேல ஒட்டிட்டு, நாள் முழுக்கக் காத்துல காயவிட்டிருக்கீங்க. புண்ணாகி, சீழ் வெச்சு... யாரு உங்களை இப்படிப் பண்ணச் சொன்னது?”

அரைக்கண்ணன் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“தூங்கறேன்னு சொன்னாங்க” என்றார்.

மருந்துகள் சீழை நிறுத்தின. பார்வையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. படுக்கையில் இருந்தபோது கைப்பேசியில் வாடகைக் கம்பெனியின் செய்தி வந்தது. மனைவி படித்துக் காட்டினாள். ‘வாழ்த்துகள்! கடந்த ஏழு நாளும் நூற்றுக்கு நூறு. நீங்கள் எங்கள் மிகவும் விழிப்பான ஓட்டுநர்களில் ஒருவர்.’ கண் அழுகிக்கொண்டிருந்த ஏழு நாள் அது.

ஒற்றைக் கண்ணோடு பயணி ஏற்றுகிற உரிமம் கிடையாது. அது நியாயமான சட்டம் என்று அரைக்கண்ணனே ஒத்துக்கொண்டார். போக்குவரத்து அலுவலகத்தில் உரிமத்தை வாங்கி, மூலையில் ஓட்டை போட்டு, திருப்பிக் கொடுத்தார்கள். முப்பத்தோரு வருடத்துக்கு ஒரு ஓட்டை.

ஒரு மதியம் மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒரு தாளை நீட்டினார். பிளாஸ்திரியைத் தன் சொந்த விருப்பத்தில் ஒட்டிக்கொண்டதாகவும், கம்பெனிக்கு இதில் தொடர்பில்லை என்றும் அதில் இருந்தது.

“கையெழுத்துப் போட்டீங்கன்னா, அடித்தளத்துல கார் கழுவற வேலை வாங்கித் தர்றேண்ணே. பகல் ஷிஃப்ட். நான் பேசிட்டேன்.”

“தம்பி, அன்னிக்குக் கூண்டுக் கதவைச் சாத்திட்டு என்ன சொன்னீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“அக்கா, எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

“அதைக் கேக்கல. என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்.”

மேற்பார்வையாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அரைக்கண்ணன் பேனாவை வாங்கினார். கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில், ஒற்றைக் கண்ணால் வரி பிடிபடாமல், கோணல்மாணலாக எழுதினார்: ‘இமையைத் தூக்கச் சொன்னது இவர். ஒட்டியது என் மனைவி. ஓட்டியது நான். ஒரு நாளும் நான் தூங்கவில்லை.’ எழுதிவிட்டுத் தாளை மேற்பார்வையாளர் பக்கம் திருப்பினார்.

“சாட்சின்னீங்களே. போடுங்க.”

அவர் போடவில்லை. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டத் தெரியாமல் மாட்டிக்கொண்டு போனார். வேலையும் அவரோடு போனது.

அதற்கு அடுத்த வாரம், வண்டிகள் வெளியேறுகிற காலை நேரத்தில், அரைக்கண்ணன் அடித்தளத்தின் வாசலுக்குப் போனார். பழைய கூட்டாளிகளிடம் சொல்லிச் சங்கம் மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கத்தான் போனார். சரிவில் ஒவ்வொன்றாக வெள்ளைக் கார்கள் ஏறி வந்தன. மூன்றாவது காரை ஓட்டியவனைப் பார்த்ததும் அவர் சரிவை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். முப்பது வயதுக்காரன், பிறவியிலேயே சிறுத்த கண்கள். இரண்டு இமைகளும் புருவத்தோடு இழுத்து ஒட்டப்பட்டிருந்தன. அதற்கடுத்த காரில் வயதான ஒருவர், தளர்ந்த இமைகளுக்கு அதே பிளாஸ்திரி.

அவர் கையை ஆட்டி மூன்றாவது காரை நிறுத்தினார். கண்ணாடி ஒரு சாண் இறங்கியது.

“தம்பி, அதைப் பிச்சு எறிங்க. கண்ணு போயிடும். என்னைப் பாருங்க.”

அவன் பார்த்தான். சற்று வெட்கத்தோடு சிரித்தான். “தெரியும்ணே. ஆஸ்பத்திரில இருந்தீங்கன்னு சொன்னாங்க. நாங்க நடுவுல மருந்து விட்டுக்கறோம்ணே, நீங்க விடல இல்ல, அதான்.”

“மருந்தெல்லாம் காப்பாத்தாது. எடுங்க.”

“எடுத்தா வண்டி போயிடும்ணே” என்றான் அவன். பின்னால் இருந்த கார் ஹார்ன் அடித்தது. “எங்களுக்குக் கத்துக்குடுத்ததே நீங்கதானே?”

கண்ணாடி ஏறியது. அரைக்கண்ணன் ஓரமாக நகர்ந்து அடுத்த காருக்குக் கை காட்டினார். அது நிற்கவில்லை. அதற்கடுத்ததற்கும் காட்டினார். வாசல் காவலாளி விசிலை ஊதிக்கொண்டு வருகிறவரை, வந்த ஒவ்வொரு காரின் முன்கண்ணாடிக்கும் குனிந்து, உள்ளே இருப்பவன் கண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.